இகலும் இடைநிலமும்

தமிழிலக்கியத்தில் போர் என்னும் பொருள்பற்றி எழுந்த கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. நம் மலர்களிலேயே ஆண்டுதோறும் ஒன்றேனும் இடம்பெற்று வருகிறது. புறநானூற்றுத் தாயின் மறம், கலிங்கத்துப் பரணியின் களவேள்வி, படைச்செருக்கு அதிகாரத்து வீரன் என்று அவை செல்லும் வழி நாம் நன்கு பழகிய வழி. வீரத்தைப் பேசும் அக்கட்டுரைகள் ஒரு வினாவைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அப்போர்கள் ஏன் மூண்டன? அதிலும், இரண்டு பேரரசுகள் நெடுங்காலம் ஒன்றையொன்று அளந்து நின்று, பின்னர் அயல்நாடுகளையும் இழுத்துக்கொண்டு பெரும்போரில் விழும் நிகழ்ச்சியை நம் எழுத்தாளர்கள் எவ்வாறு கண்டனர்? அல்சூர் ஏரிக்கரையில் கூடும் நமக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. நம்மில் பலருடைய முன்னோர் இவ்வூருக்கு வந்து சேர்ந்ததே அத்தகைய ஒரு போட்டியின் விளைவால்தான்.

பழைய இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம். தொல்காப்பியர் வஞ்சித் திணைக்கு அடிப்படையாகக் கூறுவது தணியாத மண்ணாசை. அதற்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், அம்மண் இருபெரு வேந்தர்க்கும் இடைப்பட்ட மண் என்று பொருள் கொள்கிறார். இச்சிறு விளக்கத்தை நாம் எளிதில் கடந்து போய்விடுகிறோம். வேந்தன் விரும்பியது பகைவனுடைய தலைநகரத்தை அன்று. இருவருக்கும் நடுவே கிடந்த நிலத்தை. அந்நிலத்திலும் ஊர்கள் இருந்திருக்கும். உழுதவரும் நெய்தவரும் இருந்திருப்பர். அவர்களுடைய விருப்பம் என்னவென்று எந்தத் துறையும் பேசவில்லை. 'இடைநிலம்' என்று அதனை இக்கட்டுரையில் வழங்குவோம்.

மற்றொரு சொல்லும் நமக்கு வேண்டும். திருவள்ளுவர் பகையின் இயல்புகளை விரிப்பதற்கு முன்னர் 'இகல்' என்று ஓர் அதிகாரம் தனியே வகுத்தார். இவ்வைப்புமுறை கருதத்தக்கது. பகை தோன்ற ஒருவன் மற்றவனுக்குத் தீங்கு இழைத்திருக்க வேண்டும். இகலுக்கு அதுகூட வேண்டுவதில்லை. பக்கத்தில் ஒருவன் தனக்கு நிகராக வளர்கிறான் என்பதே போதும். பரிமேலழகர் விளக்கத்தின்படி, இருவர் தம்முள் பொருது இருவருமே வலிமை இழப்பதற்கு ஏதுவாகும் மாறுபாடுதான் இகல். ஒருவர் வெல்வதற்கு ஏது என்று அவர் கூறவில்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ், ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் மூண்ட இருபத்தேழாண்டுப் போரின் மெய்க்காரணத்தை ஒன்றன் வளர்ச்சியிலும் மற்றதன் அச்சத்திலும் கண்டார். அவர் கண்ட நோய்க்கு வள்ளுவர் தந்த பெயர் நம்மிடம் இருக்கிறது. நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. (அந்த அதிகாரத்தை ஆக்கியவருடைய சிலை நம் ஏரியருகே 1991 முதல் 2009 வரை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அண்டை மாநிலங்கள் இரண்டின் இகலுக்கு அவரே சான்றாக நிற்க நேர்ந்தது காலத்தின் குறும்பு போலும்.)

சங்கப் புலவர் இருவர் இதனை உணர்ந்திருந்தனர். சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருநற்கிள்ளியும் பொருது, இருவரும் ஒரே களத்தில் மாண்டனர். கழாத்தலையாரும் பரணரும் அக்களத்தைப் பாடினர். யானையும் குதிரையும் தேர்மறவரும் முரசும் ஒருங்கே அழிந்த பின்னர், பரணர் எஞ்சியதைப் பார்க்கிறார். அரசரை இழந்த அகன்ற நாடுகள் என்னாகுமோ என்று வருந்துகிறார். இரங்கற்பாவில் வேந்தனைவிட நிலத்தை நினைத்த இப்பார்வை பிற்காலப் பரணிகளில் மறைந்துபோயிற்று. பரணிக்கு வென்றவன் ஒருவன் வேண்டும். இருவரும் தோற்ற போருக்கு அங்கே இடமில்லை.

இனி நம் காலத்துப் படைப்புகளுக்கு வருவோம். பேரரசுப் போட்டியைக் கருவாகக் கொண்ட தமிழ்ப் புதினங்களுள் நம் இல்லங்களில் மிகுதியாகப் படிக்கப்பெற்றது கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. அது 1944 முதல் 1946 வரை, இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தை ஒட்டித் தொடராக வெளிவந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காஞ்சியும் வாதாபியும் எதிரெதிரே நின்ற ஏழாம் நூற்றாண்டு அதன் களம். மகேந்திர பல்லவன் கோட்டையைச் செப்பனிட்டு, தானியம் சேர்த்து, எதிரியைப் பெண்ணையாற்றங்கரையில் நாள்கடத்தும் பகுதிகள் உண்மையிலேயே சிறந்தவை. கலையில் மனம் தோய்ந்து படையை மறந்திருந்த ஓர் அரசன், போர் வருகிறது என்று அறிந்து பதறும் பதற்றத்தில் அக்காலச் செய்தித்தாள்களின் நெடி வீசுகிறது. ஆனால் இரண்டாம் பாதியில் ஆசிரியர் தம் கண்டுபிடிப்பைத் தாமே கைவிட்டுவிடுகிறார். அரசியல் இகலாகத் தொடங்கியது ஒரு பெண்ணின் சபதமாகச் சுருங்கிவிடுகிறது. வாதாபி எரிவதற்கு ஒரு நடனமணியின் கண்ணீரே காரணம் என்றால் வாசகர் மனம் நிறைவடையும், வரலாறு நிறைவடையாது.

வரலாற்றில் அப்போட்டி 642இல் வாதாபி வீழ்ந்ததோடு முடியவில்லை. நூறாண்டு கழித்துச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கோயிலுக்கே விட்டுக்கொடுத்து, அச்செய்தியை அக்கோயிலிலேயே கன்னடத்தில் பொறித்துச் சென்றான். அதன்பின் சில ஆண்டுகளிலேயே சாளுக்கியர் இராட்டிரகூடரிடம் ஆட்சியை இழந்தனர். பல்லவர் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சோழரிடம் இழந்தனர். பரிமேலழகர் உரைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? இவ்விரு பேரரசுகளுக்கும் நடுவே கங்கர் ஆண்ட நாடு ஒன்று இருந்தது. இன்றைய பெங்களூர் அதன் பகுதி. கல்கியின் புதினத்தில் கங்க மன்னன் துர்விநீதன் வருகிறான். ஆனால் துணைக் கொடியவனாகவே வந்து போகிறான். இடைநிலத்துச் சிற்றரசன் ஏன் ஒரு பக்கம் சாய்ந்தே தீரவேண்டியிருந்தது என்ற வினாவுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகள் அந்நூலைப் படித்துவிட்டுச் சாளுக்கியனை வெறுத்தால், அவர்கள் பள்ளித்தோழனின் பாட்டனை வெறுக்கிறார்கள் என்று பொருள். கன்னடத் தெருவில் குடியிருந்துகொண்டு அந்நூலைப் படிப்பவர்க்கு இது சிறிய செய்தி ஆகாது.

இகல் எவ்வாறு போராகிறது என்பதை நாள்தோறும் நேரில் கண்டு எழுதிவைத்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் புலவர் அல்லர், வணிகர். 1709இல் பிறந்து, புதுச்சேரியில் தூப்ளேக்சுத் துரையின் தலைமைத் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைத்தான் சொல்கிறோம். இந்நூலை நெடுங்காலம் வரலாற்றாசிரியர்களே எடுத்தாண்டனர். அரசாங்கம் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. தமிழ்மூலம் அச்சேறத் தொடங்கியது அதற்கும் பின்னரே. பார்சியும் போர்ச்சுகீசும் கலந்த அதன் பேச்சுநடையைக் கண்டு முகம் சுளித்தவர் உண்டு. நடையைப் பற்றிய அந்த வருத்தத்தை நாம் ஏற்கவில்லை. துறைமுகத்தில் நடந்ததைத் துறைமுகத்து மொழியில் எழுதினார். அதுவே அதன் உயிர்.

அந்நாட்குறிப்பில் வாசகரை முதலில் வியக்கவைப்பது பீரங்கி வேட்டுக்களின் கணக்கு. எந்தக் கப்பல் வந்தது, எந்தத் துரை இறங்கினார், கோட்டையிலிருந்து எத்தனை வேட்டுப் போட்டார்கள், கப்பல் எத்தனை வேட்டுப் பதில் போட்டது என்று பிள்ளை சலிப்பின்றி எழுதுவார். முதலில் இது வெற்று விவரமாகத் தோன்றும். நூறு பக்கம் படித்த பின்னர்தான் அதன் பொருள் விளங்கும். இகல் என்பது இந்த எண்ணிக்கையில்தான் வாழ்கிறது. ஒருவனுக்கு வேட்டு ஒன்று குறைந்தால் அவன் அரசனுடைய மானம் குறைந்ததாகும். வணிகம் செய்ய வந்த இரண்டு கும்பினிகள், மானத்தைக் கணக்கிடத் தொடங்கிய நாளே போருக்கு நாள் குறித்த நாள் எனலாம்.

நிகழ்ச்சிகளை நினைவுகூர்வோம். ஐரோப்பாவில் ஆஸ்திரிய அரசுரிமை பற்றிய சண்டையில் பிரிட்டனும் பிரான்சும் எதிர்ப்பக்கங்களில் நின்றன. கீழ்த்திசையில் நாம் நடுநிலை காப்போம் என்று தூப்ளேக்சு ஆங்கிலேயருக்குச் சொல்லியனுப்பினார். அது பலிக்கவில்லை, 1745இல் ஆங்கிலக் கடற்படை பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்தது. 1746 செப்டம்பரில் லபூர்தொனே சென்னைப்பட்டணத்தைக் கைப்பற்றினார். உடனே வென்றவர் இருவருக்குள்ளேயே இகல் மூண்டது. பணம் பெற்றுக்கொண்டு நகரைத் திருப்பித் தரலாம் என்றார் ஒருவர். கூடாது என்றார் மற்றவர். நகரை நவாபிடம் ஒப்படைப்பதாகத் தூப்ளேக்சு கொடுத்திருந்த வாக்கும் காற்றில் பறந்தது. நவாபின் படை அடையாற்றங்கரையில் சிறிய பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. இவ்வளவும் நடந்தபின், 1748இல் எங்கோ ஓர் ஐரோப்பிய நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சென்னைப்பட்டணம் ஆங்கிலேயருக்கு, அதற்கு ஈடாக வட அமெரிக்காவின் லூயிஸ்பர்க் கோட்டை பிரெஞ்சுக்காரருக்கு. ஒரு மீன்பிடித் துறையைக் கொடுத்து ஒரு நெசவு நகரை வாங்கினார்கள். சூறையாடப்பட்ட முத்தியாலுப்பேட்டைக்காரனிடமோ லூயிஸ்பர்க்கின் மீனவனிடமோ எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

அந்த 1748இல்தான் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். முற்றுகையைக் காரணம் காட்டி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. நாட்குறிப்பின் மிகத் துயரமான பக்கங்கள் இவை. எதிரி வெளியே நிற்க, தன்னைக் காப்பதாகச் சொன்ன அரசே தன் கோயிலை இடிப்பதைக் காணும் மனிதன், ஒரு நாளைக்கு முன்புவரை அவ்வரசின் வெற்றிக்காக மகிழ்ந்தவன். பிள்ளையின் எழுத்தில் அந்த முறிவு தெரிகிறது. ஆனால் அவர் துபாஷி வேலையை விடவில்லை. அவரை நாம் உத்தமராக்க வேண்டியதில்லை. தூப்ளேக்சின்மீது அவருக்கிருந்த மயக்கம் பல இடங்களில் சகிக்க முடியாதது. சோதிடத்தைக் கொண்டு போரின் முடிவைக் கணிக்கிறார். தலைமைத் துபாஷிப் பதவிக்காகத் தம் போட்டியாளருடன் அவர் நடத்திய சிறுபோர், இரண்டு பேரரசுகளின் பெரும்போருக்குச் சற்றும் குறையாத ஆவேசத்துடன் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் ஒரு பெரிய இலக்கியத்தின் உண்மை இங்கேதான் பிறக்கிறது. இகலைப் பற்றி எழுதியவர் இகலுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். பார்வையாளர் மேடை அங்கே எவருக்கும் இல்லை.

ஐரோப்பாவில் அமைதி நிலவிய ஆண்டுகளிலும் இங்கே போர் நிற்கவில்லை என்பதுதான் நாட்குறிப்பு தரும் அடுத்த பாடம். அரசர்கள் சமாதானமாக இருந்தனர். கும்பினிகளோ, ஒன்று சந்தாசாகிபுக்கும் மற்றொன்று முகம்மதலிக்கும் 'உதவி' செய்வதாகச் சொல்லிக்கொண்டு பொருதன. 1749 ஆம்பூர், 1751 ஆர்க்காடு, 1752 திருச்சிராப்பள்ளி என்று தமிழ்நாட்டு ஊர்களின் பெயர்கள் போர்க்களங்களின் பெயர்களாயின. ஆர்க்காட்டு நவாபின் வாரிசுச் சண்டை பேரரசுப் போரை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே எரியக் காத்திருந்ததற்கு அது திரியாயிற்று. 1761 சனவரியில் பிள்ளை இறந்தார். சில நாட்களில் புதுச்சேரி வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது. தம் நகரின் முடிவை எழுதும் கொடுமை அவருக்கு நேரவில்லை.

அந்தத் திரி அங்கேயே அணைந்துவிடவில்லை. மேற்கே மைசூர்ச் சீமைக்கு ஓடிற்று. 1778இல் பிரான்சு அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனுக்கு எதிராக இறங்கியது. அதனால் 1779இல் ஆங்கிலேயர் மலையாளக் கரையில் பிரெஞ்சுக்காரரின் மாகியைப் பிடித்தனர். மாகித் துறைமுகத்தின் வழியே படைக்கலம் பெற்றுவந்த ஐதரலி சினமுற்று, 1780இல் கணவாய்கள் வழியே தமிழ்நாட்டில் இறங்கினார். காஞ்சிபுரத்தருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படை அழிந்தது. அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் பிரிட்டிஷ் அரசனோடு பிணங்கியதற்குக் காஞ்சிபுரத்து உழவன் தன் பயிரைக் கொடுத்தான்! 1783இல் ஐரோப்பாவில் சமாதானமானதும், கடலூரில் போரிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் விலகிக்கொண்டனர். திப்பு தனித்து நின்றார். 1791இல் காரன்வாலிசு பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். 1798இல் திப்புவின் தூதர் மொரீசியசுத் தீவிலிருந்து அழைத்துவந்த பிரெஞ்சுத் தொண்டர் ஏறத்தாழ நூறு பேர். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே நெப்போலியனின் கடற்படை நைல் நதி முகத்தில் அழிந்துவிட்டது. ஆயினும் பிரெஞ்சு அச்சத்தைக் காரணம் காட்டிய போர் நிற்கவில்லை. 1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அச்சத்தின் காரணம் மறைந்த பின்னும் அச்சம் தன் வேலையை முடித்துக்கொண்டது.

அங்கே தங்கிய வெள்ளைப் படையை நோய் வாட்டியது. 1809இல் படை பெங்களூருக்கு மாறியது. அல்சூரை ஒட்டித் தண்டு எழுந்தது. படையோடு சிப்பாய்களும், அவர்களுக்கு அரிசியும் துணியும் தோலும் விறகும் தந்தவர்களும், கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களும் ஆர்க்காட்டுச் சீமைகளிலிருந்து வந்தனர். நம் ஏரிக்கரையில் இன்றும் மையம் கொண்டிருக்கும் மதராசு சாப்பர்ஸ் படைப்பிரிவு, தன் தொடக்கத்தை அந்த 1780ஆம் ஆண்டிலேயே கணக்கிடுகிறது. ஆகவே நாம் பிழைக்க வந்த கதையைப் பஞ்சத்தோடு மட்டும் தொடங்குவது முழுமையாகாது. லண்டனும் பாரிசும் இகலாவிடில் இங்கே ஒரு தமிழ் அல்சூர் இவ்வடிவில் இருந்திராது. இதனைக் கதையாகவோ காவியமாகவோ எழுதும் பொறுப்பு அல்சூர்த் தமிழருக்கே உரியது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்போரைக் கண்ட முதல் பெருங்கவிஞர் பாரதியார். 1914இல் செருமானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது, எதிர்த்து நின்று வீழ்ந்த அச்சிறுநாட்டை வாழ்த்தி அவர் பாடினார். முறத்தால் புலியைத் தாக்கிய குறப்பெண்ணை அங்கே உவமையாக்கியது அவருக்கே கைவந்த துணிவு. இடைநிலத்தின் பக்கம் நின்று பாடிய நவீனத் தமிழ்க்கவிதை என்ற வகையில் அது மதிக்கத்தக்கது. ஆங்கில அரசின் ஒற்றர் சூழப் பிரெஞ்சுப் புதுச்சேரியில் ஒதுங்கியிருந்த கவிஞர் அவர். முன்னாளில் இகலிய அவ்விரு வல்லரசுகளும் 1904லேயே இணங்கிவிட்டிருந்தன. செருமனியின் வளர்ச்சி கண்ட அச்சம் அவற்றை மேலும் நெருக்கியது. ஆனால் கவிதை அக்குறுநாட்டின் மறத்தைக் கண்டு நின்றுவிடுகிறது. நடுநிலை காப்பதாக வல்லரசுகள் 1839இல் கையெழுத்திட்ட நாடு ஏன் படைவழியாயிற்று என்று அது கேட்பதில்லை. அதே பெல்ஜியத்தின் மன்னன் காங்கோ மக்களுக்கு இழைத்த கொடுமையையும் அது காண்பதில்லை. வாழ்த்துப்பா அவ்வளவு சுமக்குமா என்று கேட்கலாம். சுமக்காது என்பதே நம் கருத்தும். அதற்கு உரைநடை வேண்டியிருந்தது, புதினம் வேண்டியிருந்தது.

அப்புதினம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. எழுதிப் பல்லாண்டு கழித்து, 1972இல் அது நூலாயிற்று. இளமையில் சிங்கம்புணரியிலிருந்து சுமத்திராவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்று, போர்க்காலத்தை அங்கே கழித்து மீண்டவர் ஆசிரியர். அந்நூலின் பன்மொழிச் சொல்வளத்தையும் எள்ளலையும் திறனாய்வாளர் போற்றியுள்ளனர். சரியே. ஆயினும் பேரரசுகளின் போர் ஓர் இடைநிலத்து மனிதனைப் பிடித்தாட்டும் விதத்தை இவ்வளவு முழுமையாகச் சொன்ன தமிழ்ப் படைப்பு வேறில்லை என்பதைப் போதிய அழுத்தத்துடன் நாம் சொல்லிவரவில்லை.

அந்நிலம் எப்படி இடைநிலமாயிற்று? 1824இல் பிரிட்டனும் ஆலந்தும் தம் போட்டியைத் தீர்த்துக்கொள்ள மலாக்கா நீரிணையில் ஒரு கோடு இழுத்தன. சுமத்திரா டச்சுக்காரருக்கு, மலாயா ஆங்கிலேயருக்கு. கோட்டின் இருபுறத் தோட்டங்களிலும் தமிழ்க் கூலிகள். இருபுற நகரங்களிலும் செட்டிமார் வட்டிக்கடைகள். பின்னர் சப்பான் சீனாவில் விரிந்தது. 1941இல் அமெரிக்காவும் பிரிட்டனும் டச்சு அரசும் அதற்கு எண்ணெய் கிடைக்காதபடி செய்தன. அடங்குவதா, சுமத்திராவின் எண்ணெயைப் பறிப்பதா என்ற நிலையில் சப்பான் பறிக்கத் துணிந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அடுத்த மாதம் மேடான் வீழ்ந்தது. சிங்காரம் இந்தக் காரணங்களை வகுப்பெடுப்பதில்லை. மேடான் தெருவில் ஒதுங்கி நின்று, நுழையும் சப்பானியப் படையைப் பார்க்கும் கூட்டத்தோடு கதையைத் தொடங்குகிறார். நேற்றுவரை வணங்கிய வெள்ளையன் இல்லை. இன்று வணங்கவேண்டிய புதியவன் வருகிறான். கொள்ளையடித்தவர்களின் வெட்டுண்ட தலைகள் தெருவில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. புதிய பேரரசு தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறை அது. ஆசிரியரின் குரல் அங்கே உயரவே இல்லை.

கதைத்தலைவன் பாண்டியன் தொங்கானில் நீரிணையைக் கடந்து பினாங்குக்குச் செல்கிறான். புயலில் அலைபடும் அந்தக் கலம் நூலின் தலைப்பாயிற்று. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்தபின் டச்சுக்காரரை எதிர்க்கும் இந்தோனேசியரோடும் நிற்கிறான். தாயகம் திரும்ப முற்படுகையில் உயிரிழக்கிறான். மூன்று பேரரசுகளின் இகலில் புகுந்தவன் எந்த நாட்டுக்கும் உரியவனாக இறக்கவில்லை. குறைகளும் உண்டு. நண்பர்கள் கூடித் தமிழகத்தின் பழம்பெருமையை எள்ளி நகையாடும் உரையாடல்கள் அளவுக்கு மீறி நீள்கின்றன. பாண்டியனின் வீரச்செயல்கள் சில, திரைப்படத்தை நினைவூட்டுமளவு எளிதாக முடிகின்றன. பெண்களைப் பற்றிய அவன் நினைவுகளில் ஆசிரியருக்குப் போதிய விலக்கம் இல்லை. எனினும் கல்கி கைவிட்ட இடத்தை இவர் கைவிடவில்லை. எந்தப் பேரரசும் இங்கே தீமையின் திருவுருவாகத் தீட்டப்படவில்லை. எதுவும் மீட்பனாகவும் வரவில்லை.

இதற்கு முந்தைய அவருடைய புதினமான 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது, அளவில் சிறியது. அதில் செல்லையா போருக்குப் போய்த் திரும்புகிறான். அவனை வளர்த்த முதலாளி, துப்பாக்கி பிடித்தவன் வட்டிக்கடைப் பேரேட்டுக்கு ஆகமாட்டான் என்று முடிவு கட்டி, தம் மகள் மரகதத்தை அவனுக்கு மறுத்துவிடுகிறார். அவன் சேர்ந்தது நாட்டுக்காக. ஆனால் முதலாளியின் கணக்கில் அது ஒரு செலவு. உலகப்போர் ஒரு கடைவாசலில் வந்து முடிவதை இவ்வளவு அமைதியாகச் சொன்னதுதான் இந்நூலின் வெற்றி. பழைய நூல்களின் கைம்பெண்களையும் களத்தாய்களையும் நாம் போற்றுகிறோம். போர் முடிந்தபின் வேலையும் மணமும் மறுக்கப்பட்ட இளைஞனை அவ்வரிசையில் சேர்க்க நமக்கு ஏனோ மனம் வருவதில்லை.

அதே போரின் மற்றொரு முனை நம் தெருக்களிலும் இருந்தது. 1940இல் அல்சூருக்குக் கிழக்கே வானூர்தித் தொழிற்சாலை தொடங்கிற்று. இத்தாலியப் போர்க்கைதிகள் பெங்களூர் முகாம்களில் அடைபட்டிருந்தனர். காஞ்சிபுரம் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து மதராசு சாப்பர்ஸ் படையில் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிமேல் விழுந்து தம் தோழர்களைக் காத்து இறந்தார். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் அவர். இத்தாலியன் பெங்களூரில் சிறையிருக்க, தமிழன் இத்தாலியில் உயிர்விட்டான். இருவருக்கும் தம்முள் எந்தப் பகையும் இல்லை. அவருடைய ஈகத்தைப் படைச்செருக்கு அதிகாரத்தின்கீழ்ப் பாடிவிடுவது எளிது. அவரை அந்த இத்தாலிய வயலுக்கு அனுப்பிய காரணங்களையும் சேர்த்து எழுதுபவரே ஆனந்தரங்கரின், சிங்காரத்தின் வழியில் வந்தவராவார்.

நம் சங்கத்தின் வாசகர் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றில் நாட்குறிப்பின் 1746 செப்டம்பர்ப் பகுதியையும் 1748 முற்றுகைப் பகுதியையும் எடுத்துக்கொண்டு, அவற்றோடு 'புயலிலே ஒரு தோணி'யின் தொடக்க இயல்களைச் சேர்த்து வாய்விட்டுப் படிக்கலாம். நாட்குறிப்பின் நடை முதல் பத்துப் பக்கங்களில் தடுமாறச் செய்யும். துறைமுகச் சொற்கள் புரியாமல் போகும். வீட்டு முதியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டால், அவற்றில் பாதிக்கு அவரே பொருள் சொல்லிவிடுவார். தண்டில் வளர்ந்தவர்களின் பேச்சில் அச்சொற்கள் இன்னும் இருக்கின்றன.